கரி, கரி, செம்பு

திம்பம் மலைப்பாதையில் அது எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று நினைவில்லை. ஏறிக்கொண்டிருந்தோம். முன்விளக்கு மங்கியது. மீட்டரில் சிவப்பாக ஒரு பேட்டரி படம் எரிந்தது. எஞ்சின் இரண்டு தரம் திக்கித் திணறி நின்றுவிட்டது.

என் கணவர் நடராஜ் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினார். இந்த முறை அந்த டிக்கும் இல்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். சாலையோரத்தில் யானைச் சாணம் கிடந்தது, இன்னும் ஈரம் காயாமல். புளித்த வைக்கோல் மாதிரி அதற்கு ஒரு வாசனை. மேலே மூங்கில் புதருக்குள் எதுவோ படார் படாரென்று ஒடிந்துகொண்டிருந்தது.

"எறங்கு ஈஸ்வரி" என்றார்.

"தள்ளிப் பாக்கலாமுங்களா?"

"இந்த ஏத்தத்துல எங்க கண்ணு தள்றது?"

அப்போது மைசூரிலிருந்து இறங்கி வந்த பஸ் ஒன்று எங்கள் பக்கத்தில் மெதுவானது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். என் கணவர் ஓய்வு பெற்ற டிப்போவில் அவரும் கொஞ்ச காலம் இருந்தவராம்.

"நட்ராஜண்ணா! நீங்களா? வண்டி என்னாச்சுங்ணா?"

பஸ் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். அவ்வளவு பேரும் எங்களைப் பார்த்தார்கள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமில்லப்பா. சும்மா காத்தாட நிக்கறோம்."

"இங்க நிக்காதீங்ணா. மேல் வளைவுல கூட்டமா நிக்குது. சீக்கிரம் போயிருங்க."

பஸ் போய்விட்டது. இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, தாளவாடியிலிருந்து பாதி பாரத்தோடு இறங்கிவந்த ஒரு முட்டைக்கோஸ் வண்டி. டிரைவர், அவர்கூட வந்த லோடுமேன், நாங்கள் இருவர், பின்னால் வந்து நின்ற கரும்பு லாரிக்காரர் என்று ஐந்து பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஏற்றினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால், முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்து, மோட்டார் சைக்கிள் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர்.

சத்தியமங்கலத்தில் டீ குடிக்கும்போதுதான் வாய் திறந்தார். "வித்துப்போடலாம் கண்ணு."

வண்டி வந்த கதை

இந்தத் தொடரின் சென்ற அத்தியாயத்தில் போகிற போக்கில் திம்பம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். 'அங்கே என்ன ஆயிற்று?' என்று கேட்டு இரண்டு மூன்று கடிதங்கள். அதனால்தான் இந்த வாரம் இதைச் சொல்கிறேன்.

முதல்முறை படிப்பவர்களுக்கு: நான் சுந்தராபுரத்தில் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது முடித்ததும் ஒரு பம்ப் கம்பெனியில் காயில் சுற்றப் போனவள், இன்றுவரை அதே வேலைதான். கம்பெனி மட்டும் என்னுடையதாகிவிட்டது.

என் கணவர் உக்கடம் - பொள்ளாச்சி பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். தினமும் அதே சாலை, அதே கிணத்துக்கடவு, அதே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு, திரும்ப உக்கடம். ஓய்வு பெற்ற பிறகும் விடிகாலையில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்வார். போவதற்கு இடம் இருக்காது. ஆறு மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். நீண்ட பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. கரும்பச்சை நிறம். பக்கத்து வீட்டம்மா என்னிடம், "இந்த வயசுல எதுக்குங்க இத்தனாம்பெருசு?" என்று கேட்டார். நானும் மனதுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பயணம் பவானிக்கு. கூடுதுறையில் குளித்துவிட்டு, ஒரு ஜமக்காளம் வாங்கினோம். அதைச் சுருட்டி வண்டியில் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வழியெல்லாம் அவிழ்ந்து தொங்கியது. வீட்டுக்கு வந்ததும், "பெட்டி மாட்டோணும்" என்றார். இரண்டு பக்கமும் தொங்கும் அலுமினியப் பெட்டிகளும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் பார்சலில் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து, அவரே மாட்டி முடித்தார். அன்று அவர் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றும் சொல்வேன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அப்படிப் பசித்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் பெட்டி மாட்டிக்கொண்டு நாங்கள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. மூணாறு போகக் கிளம்பினோம். உடுமலை தாண்டி வண்டி நின்றது. ஏற்காடு போகக் கிளம்பினோம், அடிவாரத்தில் நின்றது. மூன்றாவது திம்பம்.

ஜாபர் பாய்

வண்டியைப் பார்ப்பவர் போத்தனூர் ஜாபர் பாய். ரயில் பாதைக்கு ஒட்டினாற்போல் அவர் பட்டறை. கூட்ஸ் வண்டி போனால் சுவரில் தொங்கும் ஸ்பேனர்கள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடும். நேர்மையான மனிதர். செய்யாத வேலைக்குச் செய்தேன் என்று சொல்ல மாட்டார்.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அவர் சொன்னது ஒன்றே. "காயில் போயிருச்சுங்ணா."

எஞ்சினுக்குள் ஒரு காயில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதுதான் கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். அது எரிந்தால் வண்டி கொஞ்ச தூரம் பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடும், பிறகு நின்றுவிடும். இரண்டு தடவையும் பாய் புதுக் காயில் மாட்டினார். ஊருக்குள் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெளியூர் கிளம்பினால் போச்சு.

இரண்டாம் தடவை என் கணவர் பாயைப் பிடித்துக் கத்திவிட்டார். "டூப்ளிகேட் சாமானைப் போட்டுபோட்டு என்றகிட்டயே காயில் போச்சுங்கறீங்களா?" பாய் கம்பெனி முத்திரை இருந்த அட்டைப் பெட்டியை மட்டும் எடுத்துக் காட்டினார்.

இவ்வளவு நடந்தும் நான் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தினமும் என் கைக்கு வருவதே எரிந்த காயில்தான். ஆனால் அந்த வண்டி அவருடையது. பஸ் போன பிறகு அவருக்கென்று இருந்த ஒரே பொருள். அதில் நான் போய்க் கை வைக்க வேண்டாம் என்றே இருந்துவிட்டேன்.

திம்பத்திலிருந்து திரும்பிய மறுநாளே வாங்குவதற்கு ஆள் பிடித்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். விற்பதற்கு முன்னால் சரிசெய்தாக வேண்டுமே என்று வண்டி மறுபடி போத்தனூர் போனது.

விடிகாலையில் குளித்துவிட்டு ஹாலில் அவர் மறுபடியும் வந்து உட்கார ஆரம்பித்தார். வியாழக்கிழமை மத்தியானம் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போத்தனூர் போனேன்.

எரிந்ததைப் படிப்பது

எரிந்த மோட்டாரைத் திறந்தால் முதலில் வருவது வாசனை. வெந்த வார்னிஷ். வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி இருக்கும். அப்புறம் நிறத்தைப் பார்க்க வேண்டும். முழுக்கக் கருகியிருந்தால் பாரம் தாங்காமல் எரிந்தது. ஒரே இடத்தில் மட்டும் கருகியிருந்தால் தண்ணீர் இறங்கியது.

மூன்றில் இரண்டு பங்கு கருகி, ஒரு பங்கு மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருந்தால்? மூன்று கம்பியில் வர வேண்டிய கரண்ட் இரண்டு கம்பியில்தான் வந்திருக்கிறது. வேலை செய்த இரண்டும் வெந்துபோயின. மூன்றாவது சும்மா இருந்தது.

கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வருவார்கள். "கம்பெனி மோட்டாரே சரியில்லீங்க அம்மணி" என்பார்கள். திறந்து பார்த்துவிட்டு நான் சொல்வேன்: "மோட்டார்ல ஒண்ணுமில்லீங்க. ஒரு பேஸ் வரல. போய் ப்யூஸ் கட்டையைப் பாருங்க." அதைப் பார்க்காமல் புதுக் காயில் மாட்டினால் அதுவும் எரியும்.

ஜாபர் பாய் எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றி, அந்தக் காயிலை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வளையம். சுற்றிலும் பதினெட்டுப் பல். ஒவ்வொரு பல்லிலும் கம்பி சுற்றியிருந்தது.

கரி, கரி, செம்பு. கரி, கரி, செம்பு. வளையம் முழுக்க அப்படியே.

"பாய், முன்னாடி கழட்டுன ரெண்டும் இருக்குதுங்களா?"

பழைய இரும்பு போடும் டிரம்மைக் கவிழ்த்துத் தேடி இரண்டையும் எடுத்தார். துடைத்துப் பார்த்தேன். அவையும் அச்சு அசல் அப்படியே வெந்திருந்தன.

"காயில்ல கோளாறு இல்லீங்க பாய். இதுல இருந்து மூணு ஒயரு மேல போகுதில்லீங்க? அதுல ஒண்ணு கரண்டை எடுத்துட்டுப் போகல."

பாய்க்குச் சுருக்கென்றது. "அக்கா, இது தண்ணி மோட்டார் இல்லீங்க்கா."

"அது காயிலுக்குத் தெரியுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். மீட்டரை எடுத்து மூன்று மஞ்சள் ஒயர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒயர் நன்றாக இருந்தால் மீட்டர் 'கீ' என்று கத்தும். மூன்றும் கத்தின. ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கத்திக்கொண்டே இருந்தன.

"பாருங்க்கா. மூணும் சுத்தமா இருக்குது."

நான் வீட்டுக்கு வந்தேன். அன்றும் மறுநாளும் கடையில் எந்த மோட்டாரைத் திறந்தாலும் அந்தக் 'கீ' சத்தம்தான் காதில் கேட்டது. மூன்று காயில்கள் ஒரே பொய்யைச் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் மீட்டர் பொய் சொல்கிறதா?

பெட்டி

சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் வீட்டில் உட்கார்ந்து அந்த அலுமினியப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருப்பூர்க்காரர் வரும்போது வண்டியில் மாட்டி வைத்துக் காட்ட வேண்டுமாம். போத்தனூரில் வண்டியை விட்டுவிட்டு வரும்போதெல்லாம் அவர் ஒரு ஆட்டோவில் அந்தப் பெட்டிகளை எடுத்து வருவது ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, பட்டறைக்குப் போனா பெட்டியைக் கழட்டிருவாங்களா?"

"கழட்டாம எப்படி வேலை செய்வாங்க? இது மறைச்சுட்டு நிக்குமே."

"ஊருக்குள்ள ஓட்டறப்ப?"

"ஊருக்குள்ள எதுக்கு பெட்டி?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெட்டி இல்லாமல் ஓடினால் வண்டி சாகவில்லை. பெட்டி இல்லாமல் சோதித்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. பெட்டி மாட்டிக்கொண்டு கிளம்பினால் மட்டுமே எரிகிறது.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன்.

வழியில் என் கடையில் நிறுத்தி, செம்புக் கம்பி உருளைகளை இரண்டு பெட்டியிலும் நிரப்பினேன். பட்டறையில் பெட்டிகளை மாட்டச் சொன்னதும் பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்காமல் ஓரமாகக் குனிந்து, கையை எப்படியோ உள்ளே விட்டு, மீட்டரை ஒயரில் பொருத்தினார். முதல் ஒயர், கீ. இரண்டாவது, கீ. மூன்றாவதில் மாட்டும்போது கூட்ஸ் வண்டி வந்துவிட்டது.

எத்தனை பெட்டிகள் அந்த ரயிலுக்கு! ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பேனர்கள் ஆடின. அந்தச் சத்தத்தில் மீட்டர் கத்துகிறதா என்று தெரியவில்லை. ரயில் போய் முடிந்தது.

மீட்டர் கத்தவில்லை.

"பெட்டியைத் தூக்குங்க" என்றேன். என் கணவர் இடது பக்கப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். கீ. விட்டார். அமைதி. தூக்கினார். கீ. விட்டார். அமைதி.

"அல்லா!" என்றார் பாய்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். "இங்க பாருங்க்கா." பெட்டியைத் தாங்கும் சட்டத்தின் இரும்புப் பட்டைக்கும் வண்டியின் குழாய்க்கும் நடுவில் அந்த மஞ்சள் ஒயர் ஒன்று மாட்டியிருந்தது. மேல் தோல் கிழியவே இல்லை. உள்ளே செம்பு இழைகள் நசுங்கி அறுந்திருந்தன. பாரம் இல்லாதபோது அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பாரம் ஏறினால் விலகிவிட்டன.

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சட்டத்தை மாட்டியது யார் என்று இருவருக்கும் தெரியும். பாய் மெதுவாக, "ஒயரு பழசாயிருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

என் கணவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து சொன்னார்: "இல்லீங்க பாய். அந்த போல்ட்டு நான் முடுக்குனது."

பிறகு அவரே, "உங்களைக் கண்டபடி பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"நானுந்தான் மூணு தடவையும் பெட்டியைக் கழட்டி வெச்சுட்டுத் தேடியிருக்கறனுங்களே அண்ணா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. இருவரும் என்னை முறைத்தார்கள். அப்புறம் அவர்களும் சிரித்தார்கள்.

பதினெட்டுப் பல்

நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்து, புது ஒயர் பற்றவைத்து, பட்டைக்குப் பக்கமே போகாமல் வேறு வழியாகக் கொண்டுபோனார் பாய். ஆனால் புதுக் காயில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

"ஒரு வாரம் எதுக்குங்க? எரிஞ்சதைக் குடுங்க" என்றேன்.

கடையைத் திறந்து உட்கார்ந்தேன். வெந்த கம்பியை அறுத்தெடுத்து, ஒரு பல்லில் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். கரியைச் சுரண்டித் துடைத்தேன். இன்னும் அதிகச் சூடு தாங்கும் கம்பியாகப் பார்த்து எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து உருளையைப் பிடித்துக் கம்பியை விட்டுக்கொண்டே இருந்தார். எண்ணும்போது பேசினால் சுற்று தவறிவிடும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வேலை செய்வதை அவர் அப்படி முழுக்க உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். கடைசிப் பல்லை முடித்தபோது, வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பிக்கு மேல் கம்பி ஏறாமல், சீவிப் பின்னிய தலைமுடி மாதிரி படிந்திருந்தது.

வார்னிஷில் முக்கி, சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிறு காலை பட்டறையில் காயிலை மாட்டி, இரண்டு பெட்டியிலும் செம்பு உருளைகளோடு வண்டியை ஸ்டார்ட் செய்தார் பாய். மீட்டரில் பதினாலு புள்ளி ரெண்டு வோல்ட்; பேட்டரிக்குக் கரண்ட் சரியாக ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினார். எண் மாறவில்லை. அரைமணி ஓடியது. பதினாலு புள்ளி ரெண்டு.

அந்த நேரத்தில் திருப்பூர்க்காரர் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார். "சத்தமே அருமையா இருக்குதுங்களே! இன்னைக்கே எடுத்துக்கலாமுங்களா?"

"டீ சாப்பிடுங்க" என்றார் என் கணவர். "வண்டி குடுக்கறதில்லீங்க."

"ஏனுங்க, நேத்து வரைக்கும் தாரேன்னு சொன்னீங்க?"

"நேத்து வரைக்கும் இது வேற வண்டிங்க."

அவ்வளவு தூரம் வந்தவரை வெறும் டீயோடு அனுப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, இட்லியும் குடல் குழம்பும் போட்டுத்தான் அனுப்பினோம். வாசலில் நின்று வண்டியை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அருவிப் பக்கம்

மழை நன்றாகப் பிடித்த பிறகு கிளம்பினோம். திம்பத்தில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆசனூர். குளிர்ந்த காற்று, இரண்டு பக்கமும் பச்சை. "தாண்டியாச்சா?" என்றேன். "எப்பவோ" என்றார்.

சாமராஜநகர், மைசூர், இன்னும் மேலே மேலே போய், நான்காம் நாள் ஜோக் அருவியில் நின்றோம். ஒரு மலை முழுக்கத் தண்ணீராகி விழுந்துகொண்டிருந்தது. சாரலில் என் சேலை தெப்பமாக நனைந்துவிட்டது.

வண்டி நிறுத்தும் இடத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் இருந்தது. ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். எல்லோரிடமும் பெரிய வண்டிகள். தமிழ் தெரிந்த ஒருத்தி எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அங்கிள், இந்த வண்டியிலயா கோயம்புத்தூர்ல இருந்து வந்தீங்க? எனக்கும் இதே வண்டிதான். காயில் எரிஞ்சு ரெண்டு தடவை நடுரோட்ல நின்னிருக்கேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை வரலியா?"

"வந்துச்சுங்க. மூணு தடவை. இப்ப இல்லீங்க."

"எந்த கம்பெனி காயில் போட்டீங்க?"

என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லாத மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"கம்பெனி இல்லீங்க. அதா நிக்கறாங்க பாருங்க, என்ற ஊட்டுக்காரி. அவங்க சுத்துனது."

அவள் என்னைப் பார்த்தாள். அவளோடு வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் வரை சேற்றோடு, நனைந்த சேலையோடு, கையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தேன்.

"நிஜமாவா ஆன்ட்டி? எப்படிச் செஞ்சீங்க?"

"முதல்ல எரிஞ்சதைத் தூக்கிப் போடாதீங்க கண்ணு. எடுத்துப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். பதினெட்டுப் பல், மூன்று ஒயர், பெட்டி, பாரம், எல்லாம் சொன்னேன். ஒவ்வொருவராகக் கிட்டே வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அருவிச் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலை ஆன்ட்டி!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

கத்திச் சொன்னேன்.